குமிழி இல்லாத படம்

திருட்டுப் போன பொருள் இன்னதென்று வந்தவர் சொன்னதும் ஃபிளாஷுக்குச் சப்பென்று போய்விட்டது. நகத்தளவு மெமரி கார்டு ஒன்று. அதற்காக ஒரு மனிதர் கொட்டுகிற மழையில் இரண்டு மாடி ஏறி வந்து, குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளே வந்து உக்காருங்க. குடையை அந்த மூலையில வைங்க, தண்ணி சொட்டினா பரவாயில்லை," என்றார் சர்வேயர்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் அல்ல. எரிந்த கிடங்குகளையும் மூழ்கின சரக்குகளையும் பார்த்து, எது தானாகப் பிடித்த தீ, எது பிடிக்க வைத்த தீ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வதே அவருடைய வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, ஊரார் தொலைத்ததையெல்லாம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அறையில் எந்நேரமும் இஸ்திரி போட்ட துணியின் வாசனை.

ஃபிளாஷ் அவருடைய மனைவியின் தம்பி. கல்யாணப் போட்டோகிராபர். மணமக்கள் கண் கூசித் தலையைத் திருப்புகிற அளவுக்குப் பளிச் பளிச்சென்று அடிப்பான் என்பதால் வந்த பெயர். கல்யாணம் இல்லாத மாதங்களில் மாமாவுக்குத் துணையாக வந்து உட்கார்ந்துகொள்வான். "வீட்டுல இருந்தா ஃபிரிட்ஜைக் காலி பண்ணிடுவான், கூட்டிட்டுப் போங்க," என்று அக்காவே அனுப்பி வைத்ததுதான். ஆனால் துப்பறிவது என்று வந்துவிட்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது.

வந்தவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் ஒரு கேமராப் பையை வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"திருடன் கேமராவைத் தொடலை. லென்ஸ் ரெண்டும் இருக்கு. பையோட அலமாரியில வச்சிருந்தேன். கார்டை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான். அதுல என் வீட்டுக்காரியோட கடைசிப் படம் இருந்துச்சு."

அவருடைய மனைவி கடற்கரைச் சாலையில் இருக்கும் பெரிய மீன் காட்சியகத்தில் வேலை பார்த்தவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, உள்பக்கமிருந்து கண்ணாடி துடைப்பதும் மீன்களுக்குத் தீனி கொடுப்பதும் அவர் வேலை. ஞாயிறு காலையில், கூட்டத்துக்குக் கதவு திறக்கும் முன்பே, கணவருக்கு மட்டும் உள்ளே வர அனுமதி உண்டு. அவர் வெளியே நின்று படம் எடுப்பார். மனைவி உள்ளே நின்று கண்ணாடி துடைப்பார். இருபது வருஷ ஏற்பாடு. மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொட்டிக்குள்ளேயே மனைவிக்கு இதயம் நின்றுவிட்டது.

"டாக்டர் கண் இமைக்கிற நேரம்தான்னு சொன்னார். யார் பக்கத்துல இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்," என்றார். "நான் படம் எடுத்து முடிச்சு ஜெல்லி மீன் பக்கம் போயிட்டேன். அவ பாறைக்குப் பின்னால துடைக்கப் போயிருக்கா. அங்கதான்... தனியா. எனக்கு அதுதான் தாங்கலை. இருபது வருஷம் எதிர்ல நின்னுட்டு, கடைசில பாறைக்குப் பின்னால தனியாப் போயிட்டாளே."

சர்வேயர் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்தக் கடைசிப் படத்தைப் பத்திச் சொல்லுங்க."

அவர் முகம் லேசாகத் தெளிந்தது. "தொட்டிக்குள்ள ஆளைப் படம் எடுக்கறதுல ஒரு தொல்லை இருக்குங்க. குமிழி. மூச்சு விட விட மூஞ்சிக்கு முன்னால புசுபுசுன்னு கிளம்பிடும். நல்ல படம் நூத்துல ஒண்ணுதான் தேறும். அதுக்கு நாங்க ஒரு வழி வச்சிருந்தோம். நான் விரலைத் தூக்குவேன். அவ கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்குவா. நான் கிளிக் பண்ணிட்டு விரலை இறக்கினா விட்டுடுவா. அப்படிப் பிடிக்கக் கூடாதுன்னு வேலை இடத்துல திட்டுவாங்க. 'இந்த மனுஷனுக்கு வேற பொழப்பில்லை, நான் என்ன பண்றது'ம்பா. ஆனா அன்னைக்கு நான் விரலைத் தூக்கவே இல்லைங்க. அவளாவே பிடிச்சுக்கிட்டா. கண்ணாடிக்குப் பக்கத்துல வந்து என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. ஒரு குமிழி இல்லை. இருபது வருஷத்துல அவ்வளவு சுத்தமான படம் எனக்கு விழுந்ததில்லை."

"பெரிசா பார்த்தீங்களா அந்தப் படத்தை?"

"எங்கே? கேமராவுக்குப் பின்னாடி இருக்கற சின்னத் திரையில ஒரு தடவை. பேட்டரி சிவப்புக் காட்டுச்சு, அணைச்சுட்டேன். அப்புறம்தான் மணி அடிச்சாங்க, ஓடினேன். அதுக்கப்புறம் இந்தப் பையைத் தொடற தெம்பு எனக்கு வரலை." அவர் பையைத் தடவிக்கொண்டார். "போன வாரம்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். அந்தப் படத்தைப் பெரிசாப் போட்டு மாட்டணும்னு என் பொண்ணுகிட்ட சொன்னேன். என்னைப் பார்க்க வந்து அதே அறையில காப்பி குடிச்சுக்கிட்டு இருந்த குச்சிகிட்டயும் சொன்னேன். மறுநாள் பையைத் திறந்தா கார்டு இல்லை."

குச்சி என்பது அவர் மனைவியோடு வேலை பார்த்தவர். ஒருவர் தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே மேடையில் நின்று கண்காணிப்பவர். ஆள் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பாராம். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி அடுத்த தெருவில் இருந்தவள், அம்மா போன பிறகு அப்பாவோடு வந்து தங்கியிருக்கிறாள்.

ஃபிளாஷ் பையை வாங்கிக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொத்தானை அழுத்தினான். "அடேயப்பா, பேட்டரி ஃபுல்லா இருக்கு மாமா! இந்தக் கம்பெனி பேட்டரின்னா பேட்டரிதான்."

லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். சர்வேயர் ஃபிளாஷைப் பார்த்தார், பிறகு லிஃப்ட்காரரைப் பார்த்தார், பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது அவருக்கு ஏதோ பிடிபட்டதன் அடையாளம் என்று ஃபிளாஷுக்குத் தெரியும். என்ன பிடிபட்டது என்பதுதான் தெரியாது.

கிளம்பும்போது லிஃப்ட்காரர் வாசலில் நின்று ஒன்று சொன்னார். "கிடைச்சா முதல்ல நீங்க பாருங்க. நல்லாப் பார்த்துட்டு அப்புறம் எனக்குக் குடுங்க."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததோ இல்லையோ, ஃபிளாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "குச்சிதான் மாமா. மேலே நின்னு பார்க்கிறது அவர் வேலை. சரியாப் பார்க்கலை. படத்துல ஏதோ அவரைக் காட்டிக் குடுக்கிற மாதிரி விழுந்திருக்கு. படத்தைப் பெரிசாப் போடப்போறாங்கன்னதும் அவருக்கு வேர்த்திருக்கும். அதே அறையில உக்கார்ந்து காப்பி குடிச்சிருக்காரு. கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னா நாளைக்கு மீன் பார்க்கப் போகலாம். உன் கேமராவை எடுத்துக்க. ஃபிளாஷை மட்டும் வீட்டுல வச்சுட்டு வா," என்றார் சர்வேயர்.

*

மீன் காட்சியகத்துக்குள் நுழைந்ததும் ஃபிளாஷுக்குத் தொழில் மறந்துவிட்டது. நீல வெளிச்சத்தில் ஜெல்லி மீன்கள் யாரோ உதறிவிட்ட கைக்குட்டைகளாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. கடல்குதிரைகள் வாலால் பாசியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல வரிசையாக நின்றன. ஒரு ஆக்டோபஸ் பாறை இடுக்கிலிருந்து ஒற்றைக் கண்ணால் அவனையே எடைபோட்டது. முதலில் எடுத்த படங்களில் எல்லாம் மீனுக்குப் பதில் அவனுடைய வெள்ளைச் சட்டைதான் விழுந்தது.

டிக்கெட் கிழிக்கும் பெண் சிரித்தாள். "கறுப்புச் சட்டை போட்டுட்டு வரணும் சார். லென்ஸைக் கண்ணாடியோட ஒட்டி வைங்க. நேரா வைங்க, சாய்ச்சீங்கன்னா மீன் கோணலா வரும்."

அவன் அப்படியே ஒட்டி வைத்தான். சட்டென்று கண்ணாடி காணாமல் போய், அவனும் மீனோடு தண்ணீருக்குள் நிற்பது போல ஆயிற்று. இருபது வருஷம் ஒரு மனிதர் இதற்காக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டார் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பெரிய தொட்டி கடைசிக் கூடத்தில் இருந்தது. இரண்டு மாடி உயரம். திருக்கை மீன்கள் போர்வை காயப்போட்டது மாதிரி மிதந்து போயின. ஒரு சுறா யாரையும் சட்டை செய்யாமல் வட்டம் போட்டது. இடது ஓரத்தில் பெரிய பாறை. அதிலிருந்து வெகுதூரம் தள்ளி, முன்கண்ணாடியின் நடுவில், உள்பக்கமாக, ஒரு நீலக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ரப்பர் வட்டங்களால் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற சாதனம். அதிலிருந்து ஒரு வார் தொங்கித் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கண்ணாடி பளபளவென்று இருக்க, கைப்பிடியின் மேல் மட்டும் பச்சைப் பாசி படிந்திருந்தது.

சர்வேயர் மற்ற மீன் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தக் கைப்பிடிக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

குச்சி அங்கேதான் வந்து சேர்ந்தார். பெயருக்கு ஏற்ற உடம்பு. லிஃப்ட்காரர் அனுப்பினார் என்றதும் முகம் வெளிறிப்போனது.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றீங்களா?" என்றார் சர்வேயர்.

"எத்தனை தடவைங்க சொல்றது? குமிழி நின்னுச்சு. குதிச்சேன். பாறைக்குப் பின்னால இருந்தாங்க. மேலே கொண்டு வந்தேன்." ஒப்பித்த பாடம் மாதிரி வந்தது.

"அந்த நீலக் கைப்பிடி எதுக்கு?"

குச்சி திரும்பிப் பார்க்கவில்லை. "கண்ணாடி துடைக்கறப்போ தண்ணி நம்மளைத் தள்ளும். ஒரு கையால அதைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால துடைக்கணும். கை நழுவாம இருக்க அந்த வாரை மணிக்கட்டுல மாட்டிக்குவோம்."

"யாரோடது?"

"அவங்களோடது."

"மூணு மாசமா ஏன் எடுக்கலை?"

"மனசு வரலைங்க," என்றார் குச்சி. விடுவிடுவென்று போய்விட்டார்.

"பார்த்தீங்களா, கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு!" என்றான் ஃபிளாஷ்.

சர்வேயர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு இங்கே வார விடுமுறை. கூட்டம் இருக்காது. அந்தப் பொண்ணை இங்கே வரச் சொல்லு. குச்சியையும் இருக்கச் சொல்லு."

"லிஃப்ட்காரரை?"

"அவர் வேண்டாம்," என்றார் சர்வேயர். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடச் சொல்லவில்லை என்று அக்கா கவலைப்பட்டாள்.

*

ஆளில்லாத கூடத்தில் நால்வரும் பெரிய தொட்டியின் முன் இருந்தார்கள். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். வெள்ளைக் காலணியைக்கூட மாற்றவில்லை. குச்சி சுவரோரமாக நின்றார். ஃபிளாஷ் அவர் ஓடிவிடாதபடி வாசலை மறித்து நின்றுகொண்டான்.

"மாப்ளே, வந்து உக்காரு. இங்கே யாரும் ஓடப் போறதில்லை," என்றார் சர்வேயர். பிறகு மகளைப் பார்த்து மெதுவாகப் பேசினார். "எரிஞ்ச கிடங்கு நிறையப் பார்த்திருக்கேன்மா. கொளுத்தினவன் எதை எடுத்தான்னு நான் பார்க்க மாட்டேன். எதைப் பத்திரமா வச்சான்னு பார்ப்பேன். அன்னைக்கு உங்க அப்பா கேமராவுல பேட்டரி சிவப்புல இருந்துச்சு. அப்புறம் அவர் அதைத் தொடலை. இப்போ ஃபுல்லா இருக்கு. காப்பி குடிக்க வந்த இடத்துல கார்டைத் திருடினவன் பேட்டரியை மணிக்கணக்கா சார்ஜ் போட்டுட்டா போவான்? யாரோ அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க. பேட்டரி தீர்ந்திருக்கு. சார்ஜ் போட்டு மறுபடியும் பார்த்திருக்காங்க. அந்த வீட்டுல இருக்கறவங்களாலதான் அது முடியும்."

மகள் கைப்பையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவோட கடைசிப் படத்தை மகள் ஏன் அப்பாகிட்டேருந்து மறைக்கணும்? அதுக்கு இவர் பதில் சொல்லணும்." குச்சியிடம் திரும்பினார். "கண்ணாடி துடைச்சு முடிச்சிருந்தா, அந்தம்மா கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கிட்டுதானே போயிருப்பாங்க? பாறைக்குப் பின்னால துடைக்கவும் அது வேணும், இங்கே விட்டுட்டுப் போய்ப் பிரயோசனம் இல்லை. அது இன்னும் இங்கேயே இருக்குன்னா, அவங்க இந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. நீங்க அவங்களை எடுத்தது பாறைக்குப் பின்னாலேருந்து இல்லை. இங்கேருந்து."

குச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வார் மணிக்கட்டுல மாட்டியிருந்துச்சு," என்றார். "அதான் சாயாம நின்னுக்கிட்டு இருந்தாங்க. குமிழி நின்னதை நான் பார்த்தேங்க. ஞாயித்துக்கிழமை. கீழே புருஷன் கேமராவோட நிக்கிறார். வழக்கம்போல அவருக்காகப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்கன்னு நெனைச்சேன். இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே, மேலே வரட்டும், திட்டணும்னு நெனைச்சேன். திட்டணும்னு நெனைச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க..." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "குதிச்சப்போ புருஷன் நகர்ந்து போயிட்டிருந்தார். ஆபீஸ்ல நான் எதையும் மறைக்கலை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். டாக்டர், நீ உடனே குதிச்சிருந்தாலும் பிரயோசனம் இல்லைன்னுட்டார். அவங்க புருஷன்கிட்ட மட்டும்தான் பாறைன்னு சொன்னேன். பின்னே எப்படிச் சொல்றது? உன் பொண்டாட்டி போனதுக்கு அப்புறம் நீ நின்னு படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்னு ஒருத்தர் மூஞ்சியைப் பார்த்து எப்படிங்க சொல்றது?"

ஃபிளாஷுக்கு லிஃப்ட்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் விரலைத் தூக்கவே இல்லை, அவளாவே பிடிச்சுக்கிட்டா. அந்த வார்த்தைகளைக் கேட்டுவிட்டுத்தான் அவன் பேட்டரிக் கம்பெனியைப் பாராட்டிக்கொண்டிருந்தான்.

மகள் கைப்பையைத் திறந்து கார்டை எடுத்தாள். தனியாக வைக்க மனமில்லாமல் கூடவே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். "பெரிசாப் போடப்போறேன்னு அப்பா சொன்னதும், நல்லதா ஒண்ணை எடுத்து வைக்கலாம்னுதான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில நான் தினமும் பார்க்கிற கண்ணு சார் அது. எனக்குத் தெரியாதா? ஒரு படத்துல இல்லை. வரிசையா. அப்பா எடுத்துக்கிட்டே இருந்திருக்கார். கடைசி வரைக்கும் நம்பலை நான். ஒரு படத்துலயாவது ஒரு குமிழி இருக்கும்னு தேடினேன். ராத்திரி பூரா தேடினேன்."

ஃபிளாஷ் கார்டைத் தன் கேமராவில் போட்டுப் பார்த்தான். தொழில்காரன் கண்ணால் பார்த்தான், வேறு எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. பின்னால் போன திருக்கை ஒரு படத்தில் வலப்பக்கம், அடுத்ததில் நடுவில், அதற்கடுத்ததில் இல்லை. மஞ்சள் மீன் கூட்டம் வந்து கலைந்து மறுபடி சேர்ந்தது. அந்த அம்மாளின் நரைமுடி தண்ணீரில் விதவிதமாக அலைந்தது. எல்லாம் நகர்ந்தன. முகக்கண்ணாடிக்குள் கண்கள் மட்டும் ஒரே இடத்தில், கேமராவைப் பார்த்தபடி இருந்தன. ஒரு குமிழி இல்லை.

அவன் கேமராவை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுறாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?" என்று கேட்டாள் மகள்.

ஃபிளாஷ் முந்திக்கொண்டான். "மாமா, நான் தினமும் பொய்தானே பண்றேன்? மாப்பிள்ளைக்கு முடி வைக்கிறேன். பொண்ணுக்குப் பருவை எடுக்கிறேன். வராத சித்தப்பாவை குரூப் போட்டோவுல நிக்க வச்சிருக்கேன். இதுல குமிழி வைக்க எனக்குத் தெரியும். இதே கார்டுல அந்தம்மாவோட பழைய படம் நிறைய இருக்கு. அதுலேருந்தே எடுத்து வைக்கறேன். சின்னத் திரையில குமிழி தெரியலைன்னு அவர் நெனைச்சுக்குவார். மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு நெனைச்சுக்குவார்."

"பொய்யான தீயைக் கண்டுபிடிச்சுத்தான் நான் இத்தனை வருஷம் சோறு சாப்பிட்டேன்," என்றார் சர்வேயர். மகளுடைய முகத்தைப் பார்த்தார். "வை. ஆனா ஒண்ணு. அவரா உன்னைக் கேட்டார்னா பொய் சொல்லாதே."

*

ஃபிளாஷ் எந்தக் கல்யாண ஆல்பத்துக்கும் அப்படி மெனக்கெட்டதில்லை. ஒவ்வொரு குமிழியாக எடுத்து, ஒளி விழுகிற பக்கம் பார்த்து, சிறியதைக் கீழேயும் பெரியதை மேலேயும் வைத்தான். வேலை முடிந்தபோது அந்த அம்மாள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

சட்டம் போட்ட படத்தை அன்று மாலை லிஃப்ட்காரர் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். சின்ன வீடு. சுவர் முழுக்க மீன்கள். நடுவில் படத்துக்காக ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. கார்டு பையின் உள்துணிக்குள் நழுவிக் கிடந்தது என்றும், கெட்டுப்போய் ஒரே ஒரு படம்தான் தேறியது என்றும் மகள் சொன்னாள். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், சுவரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள். சர்வேயர் ஜன்னலோரம் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றார்.

லிஃப்ட்காரர் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க தம்பி," என்றார் கடைசியில். குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"எதைங்க?"

"நெத்திக்கு மேலே ஒட்டினாப்ல ரெண்டு குமிழி இருக்கு பாருங்க, ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. இது எனக்குத் தெரியும். போன மழைக்காலத்துல எடுத்த ஒரு படத்துல இருந்த குமிழி. இந்த ரெண்டும் வந்து நெத்தியை மறைச்சு நல்ல படத்தைக் கெடுத்துடுச்சுன்னு வீடு வர்ற வரைக்கும் அவளைத் திட்டிக்கிட்டே வந்தேன். இருபது வருஷமா நான் திட்டின குமிழி தம்பி. எனக்கு அடையாளம் தெரியாதா?"

ஃபிளாஷ் மாமாவைப் பார்த்தான். அவர் திரும்பவில்லை.

"கேட்கிறேன், மறைக்காம சொல்லுங்க. அவ கண்ணாடிகிட்டயேதானே இருந்தா? பாறைக்குப் பின்னால போகலையே?"

"போகலைங்க," என்றான் ஃபிளாஷ். "கடைசி வரைக்கும் உங்க எதிர்லயேதான் இருந்தாங்க."

லிஃப்ட்காரரின் தோள்கள் குலுங்கின. சத்தம் வராமல் அழுதார். படத்தின் மேல் விழுந்துவிடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு," என்றார் பிறகு. "விரலைத் தூக்காமலே பிடிச்சுக்கிட்டாளேன்னு படுத்தா அதேதான் ஓடும். கார்டு காணாமப் போனதும் பொண்ணு எடுத்திருப்பான்னு தெரியும். அவகிட்ட எப்படிக் கேட்பேன்? அதான் உங்ககிட்ட வந்தேன். என் எதிர்லயே போயிருக்கா, எனக்குத் தெரியலை. நான் படம் எடுத்துக்கிட்டு நின்னிருக்கேன். அது சாகிற வரைக்கும் இருக்கும் தம்பி, போகாது. ஆனா பாறைக்குப் பின்னால தனியாப் போனான்னு நெனைச்சேன் பாருங்க, அதைவிட இது மேல். என்னைப் பார்த்துக்கிட்டே போயிருக்கா."

உள்ளே டம்ளர்கள் மோதும் சத்தம் கேட்டது. அவர் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியக் கூடாதுன்னு இத்தனை பேர் பாடுபட்டிருக்காங்க. தெரிஞ்சிடுச்சுன்னா அவ தாங்க மாட்டா."

மகள் டீயோடு வந்தாள். தட்டை வைக்காமலே அப்பாவின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு படத்தை, பிறகு மறுபடி அப்பாவை.

"எப்படி வந்திருக்குப்பா?"

"நல்லா வந்திருக்கும்மா," என்றார் அவர். "உங்கம்மாவை இவ்வளவு நாள் வீணாத் திட்டிட்டேன். குமிழி இருந்தாத்தான் அழகா இருக்கு." எழுந்து, படத்தைச் சுவரில் காலியாக இருந்த இடத்தில் வைத்துப் பிடித்தார். "கோணலா இருக்கான்னு பார்த்துச் சொல்லு. அந்தச் சுத்தியலையும் எடுத்துட்டு வா."